ஸ்காபரோ வீட்டுக்கு அன்ரனா: 100 டொலருக்குள் எதைச் செய்யலாம், எதை வாங்கத் தேவையில்லை

கேட்கப்பட்டது இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோ வடக்கில், ஃபிஞ்ச் – மார்க்கம் வீதிப் பக்கம் இரண்டு மாடிச் சொந்த வீடு. கேபிளை நிறுத்திவிட்டார்கள். யன்னலில் ஒட்டும் தட்டை அன்ரனா ஒன்று வாங்கினார்கள். பெட்டியில் "200 மைல்" என்று எழுதியிருந்ததாம். சி.பி.சி., குளோபல், சிற்றி ரீவி எல்லாம் நன்றாக வருகின்றன. சி.ரி.வி., அதாவது 9.1, துண்டு துண்டாக உடைகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரச் சனல்களில் 29.1 மட்டும் சில இரவுகளில் வந்துவிட்டுப் போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்த ஒருவர் பல நூறு டொலர் கேட்டிருக்கிறார். 100 டொலருக்குள் முடியுமா?

முடியும். ஆனால் அந்தக் காசை எந்த ஒழுங்கில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் முதலில் அம்பிளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வாங்குவார்கள், பிறகு இன்னும் பெரிய அன்ரனா, பிறகு வயர், கடைசியாகத்தான் அன்ரனாவை வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் இடம், அதற்குக் காசே தேவையில்லை. அடுத்தது வயர். பிறகு அன்ரனா. அம்பிளிஃபயர் கடைசி, அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு பிரச்சினைகள். 9.1 உடைவதற்கான காரணம் ஒன்று, பஃபலோ வராததற்கான காரணம் வேறொன்று. ஒரே பொருளை வாங்கி இரண்டையும் தீர்க்க நினைத்தால் காசு போய்விடும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

முதலில் எது எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்போம். ரொறன்ரோ சனல்களில் பெரும்பாலானவை சி.என். கோபுரத்திலிருந்து வருகின்றன. 553 மீற்றர் உயரக் கோபுரம். உங்கள் வீட்டிலிருந்து தென்மேற்கே 20 கிலோமீற்றர் சொச்சம். இந்தத் தூரத்துக்குச் சிக்னல் அள்ளிக் கொட்டும். ஹமில்டன் பக்கத்திலிருந்து வரும் சி.எச்.சி.எச். (11.1) கூட ஏறத்தாழ அதே திசைதான், தூரம் மட்டும் கூட.

பஃபலோ கதை வேறு. பஃபலோ என்று பொதுவாகச் சொன்னாலும் அந்தச் சனல்களின் கோபுரங்கள் எல்லாம் ஓரிடத்தில் இல்லை. ஃபொக்ஸ் (29.1), பி.பி.எஸ். (17.1) இரண்டும் நயாகரா ஆற்றுக்கு நடுவிலிருக்கும் கிராண்ட் தீவிலிருந்து வருகின்றன, உங்களிடமிருந்து சுமார் 90 கிலோமீற்றர். என்.பி.சி. (2.1), சி.பி.எஸ். (4.1), ஏ.பி.சி. (7.1) மூன்றும் பஃபலோ நகரத்துக்கும் தெற்கே, கோல்டன், சவுத் வேல்ஸ் என்ற மேட்டுநிலப் பகுதிகளிலிருந்து வருகின்றன, 130 கிலோமீற்றர் அளவு. உங்களுக்கு 29.1 மட்டும் எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அது இந்த மூன்றையும்விட 40 கிலோமீற்றர் கிட்ட நிற்கிறது. திசை, தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்தது. சி.என். கோபுரத் திசைக்கும் பஃபலோத் திசைக்கும் இடையே உங்கள் இடத்தில் 50 பாகைக்குச் சற்றுக் கூட வரும். இந்தக் கோணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். உங்கள் முகவரிக்குச் சரியான திசையும் தூரமும் வேண்டுமென்றால் ரபிட்இயர்ஸ் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஃபோனில் இருக்கும் திசைகாட்டி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாதையின் பெரிய பகுதி ஒன்ராறியோ ஏரிக்கு மேலால் வருகிறது, அந்தத் தூரத்தில் நடுவில் கட்டடமோ மரமோ கிடையாது. அத்தோடு ஸ்காபரோ வடக்கு ஏரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டவுன்ரவுனில் இருப்பவர்களுக்கு இல்லாத வசதி இது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்சனைப் பிடிக்கக் கம்பத்துக்கு மேல் கம்பம் கட்டி உயர்த்திய ஊர் அது. தண்ணீருக்கு மேலால் வரும் சிக்னலுக்கு உயரம் என்ன செய்யும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

"200 மைல்" பற்றி ஒரு வார்த்தை. பூமி உருண்டை. தரையிலிருக்கும் கோபுரத்தின் சிக்னல் 60, 70 மைலுக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், மேட்டில் நிற்கும் கோபுரம் என்றால் இன்னும் கொஞ்சத் தூரம் வரும். அதற்கப்பால் பிடிப்பது காலநிலையின் தயவு. ஒரு கடதாசித் தட்டு அளவு பொருளில் 200 மைல் என்று அச்சடிப்பதை யாரும் தடுப்பதில்லை, அவ்வளவுதான். "எச்.டி. அன்ரனா", "4கே அன்ரனா" என்பதும் அப்படித்தான். அன்ரனா ஓர் உலோகத் துண்டு. தன் மேல் விழும் அலையில் இருப்பது எந்தப் படம் என்று அதற்குத் தெரியாது. அயல்வீட்டுக் கூரையில் 1980களிலிருந்து நிற்கும் அலுமினிய அன்ரனா, மூட்டுகள் துருப்பிடிக்காமல் இருந்தால், இன்றும் உங்கள் புதிய தட்டையைத் தோற்கடிக்கும்.

சரி, 9.1 ஏன் உடைகிறது?

திரையில் தெரியும் சனல் இலக்கத்துக்கும் அது உண்மையில் வரும் அலைவரிசைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2009 ஜூன் 12இலும், கனடாவின் பெரிய நகரங்களில் 2011 ஓகஸ்ட் 31இலும் பழைய அனலொக் ஒளிபரப்பு நின்றபோது பெரும்பாலான நிலையங்கள் யு.எச்.எஃப். என்ற, அலை குட்டையான மேல் அலைவரிசைக்குப் போய்விட்டன. பழைய இலக்கம் மட்டும் அடையாளமாகத் தங்கிவிட்டது. சி.பி.சி. 5.1 என்று காட்டினாலும் வருவது யு.எச்.எஃப்.இல். பஃபலோவின் 2.1, 4.1, 7.1 எல்லாமும் அப்படித்தான். ஆனால் சி.ரி.வி. உண்மையாகவே வி.எச்.எஃப். என்ற கீழ் அலைவரிசையிலேயே தங்கிவிட்டது.

வி.எச்.எஃப். அலை நீளமானது. சி.ரி.வி. வரும் இடத்தில் அரை அலைநீளம் ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். உங்கள் தட்டை அன்ரனாவின் அகலம் 30 சென்ரிமீற்றர் இருந்தால் பெரிய விஷயம். அது யு.எச்.எஃப்.க்குச் செய்யப்பட்டது, 9.1ஐ அது பிடிப்பதே கோபுரம் கிட்ட இருக்கும் புண்ணியத்தில். அதற்கு மேல், வீட்டுக்குள் இருக்கும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள், ஃபோன் சார்ஜர்கள் போன்றவை உமிழும் இரைச்சல், அதாவது சிக்னலைக் குழப்பும் தேவையற்ற அலை, யு.எச்.எஃப்.ஐ விட வி.எச்.எஃப்.ஐத்தான் கூடத் தாக்கும். இன்றிரவே ஒரு சோதனை செய்யுங்கள். 9.1 உடைந்துகொண்டிருக்கும்போது வீட்டு லைற்றுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள், சார்ஜர்களைக் கழற்றுங்கள். எதையோ அணைத்ததும் படம் சட்டென்று தெளிந்தால் பல்ப் ஒன்றை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

அப்படித் தெளியாவிட்டால், பழைய காலத்து முயல்காது அன்ரனா ஒன்றைத் தேடுங்கள். வால்யூ விலேஜ் போன்ற பழைய பொருள் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடக்கும். அதன் இரண்டு கம்பிகளையும் முழு நீளத்துக்கு இழுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் சுமார் 38 சென்ரிமீற்றருக்கு இழுத்து, இரண்டையும் கிடையாக ஒரே நேர்கோட்டில் விரித்து, அந்தக் கோட்டின் குறுக்குப் பக்கம் தென்மேற்கைப் பார்க்கும்படி வையுங்கள். அதாவது கம்பியின் நுனி கோபுரத்தைக் காட்டக் கூடாது. 9.1 பெரும்பாலும் இதிலேயே உடையாமல் வந்துவிடும். இதற்காகப் பல நூறு டொலர் கேட்பது அநியாயம்.

இனிப் பஃபலோ. இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் மங்கலான படம் என்று ஒன்று இல்லை. பழைய ரீவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக ஏதாவது தெரியும். இதில், சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் (சிக்னலின் பலத்தை ஒப்பிடும் அளவு) மேலே நின்றால் படம் முழுசாக வரும். 14க்கு இறங்கினால் ஒன்றுமே வராது. ஆகவே "இப்போது ஒன்றும் வரவில்லை" என்பதை வைத்து நம்பிக்கையிழக்கத் தேவையில்லை. இன்னும் இரண்டு மூன்று டெசிபெல்தான் குறைவாக இருக்கலாம். அந்த இரண்டு மூன்றை எங்கே எடுப்பது என்பதுதான் முழு வேலையும்.

முதல் இடம் வீட்டுச் சுவர். செங்கல் சுவர் பரவாயில்லை. அலுமினியப் பலகை அடித்த சுவர், அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன், புது யன்னல்களில் குளிர் தாங்குவதற்காகக் கண்ணுக்குத் தெரியாமல் பூசியிருக்கும் உலோகப் படலம், இவை சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும். புது யன்னலில் அன்ரனா ஒட்டிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் யன்னலைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். பலர் அதிர்ந்து போவார்கள்.

எனவே, எதையும் வாங்குவதற்கு முன், இருக்கும் அன்ரனாவோடு ஒரு சிறிய ரீவியையும் நீள வயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மேல் மாடித் தெற்கு அறை, பின்பக்கத்து டெக், கூரைக்குக் கீழே இருக்கும் அற்றிக். ஒவ்வோர் இடத்திலும் ரீவியின் மெனுவில் இருக்கும் சிக்னல் அளவைப் பாருங்கள். வலிமை என்று ஒன்றும் தரம் என்று ஒன்றும் காட்டும். பார்க்க வேண்டியது தரத்தை. ஒரே அறைக்குள் ஒரு முழம் நகர்த்தினாலே மாறும், ஏனென்றால் சுவரிலும் பக்கத்து வீட்டிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு மோதுகின்றன. வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை இந்த எதிரொலிகளை அவ்வளவு நன்றாகத் தாங்குவதில்லை.

அற்றிக் நல்ல சமரசம். சாதாரணத் தார் ஓட்டுக் கூரையால் சிக்னலில் ஒரு பகுதி கழிந்தாலும் மிச்சம் உள்ளே வரும். பனி, காற்று, இடி எதுவும் அன்ரனாவைத் தொடாது. உலோகக் கூரையாகவோ, அடியில் அலுமினியத் தாள் போட்டதாகவோ இருந்தால் மட்டும் அற்றிக்கை மறந்துவிடுங்கள். ஆனால் 130 கிலோமீற்றரிலிருந்து வரும் மூன்று சனல்களும் நம்பகமாக வேண்டுமென்றால் வெளியேதான் போக வேண்டும், கூரை விளிம்பை விட உயரத்தில், தெற்குப் பக்கம் திறந்திருக்கும்படி.

வெளியே என்றதும் செலவு என்று பயப்படாதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரிலோ கூரையிலோ முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சற்றலைற் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காபரோவில் பத்து வீட்டைப் பார்த்தால் சிலவற்றிலாவது இருக்கும். இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தட்டைக் கழற்றிவிட்டு அதன் காலில் அன்ரனாவை மாட்டலாம். வயரும் ஏற்கெனவே வீட்டுக்குள் இறங்கியிருக்கும், அதுவும் நல்ல வயர், ஆர்.ஜி.6 என்ற தடித்த வகை. பெரும்பாலும் எர்த் இணைப்பும் இருக்கும். நடுவில் சற்றலைற்றுக்கென்று போட்ட பெட்டிகள், சுவிச்சுகள் எதுவும் இருந்தால் அவற்றை அகற்றிவிட்டு வயரை நேராக இணையுங்கள். கம்பம், வயர், ஆணி, துளை என்று பாதிச் செலவு இங்கேயே மிச்சம்.

வயரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. புதிதாக வாங்கினால் ஆர்.ஜி.6 வாங்குங்கள், மெல்லிய ஆர்.ஜி.59 வேண்டாம். நல்ல ஆர்.ஜி.6இலும் 30 மீற்றருக்கு 5 டெசிபெல் அளவு போகும், எனவே தேவையான நீளம் மட்டும். அதிகமாகச் சுருட்டி வைப்பதில் பயனில்லை. முனைகளை அழுத்திப் பொருத்தும் வகையாக வாங்குங்கள், திருகிப் போடும் வகையில் தண்ணீர் போய்விடும். ஸ்பிளிற்றர் போட்டு இரண்டு ரீவிக்குப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 3.5 டெசிபெல் போகும், நாலாகப் பிரித்தால் 7. மூன்று டெசிபெல் என்றால் பாதிச் சிக்னல். பஃபலோவுக்காகக் கஷ்டப்பட்டு எடுத்த இரண்டு டெசிபெலையும் யாரும் பார்க்காத படுக்கையறை ரீவிக்குத் தானம் செய்துவிடாதீர்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: வீட்டுச் சுவருக்குள் ஓடும் கேபிள் வயரை அன்ரனாவுக்குப் பாவிக்கலாம், ஆனால் இன்ரநெற் அதே வயரில் வந்தால் இரண்டையும் கலக்கவே கூடாது. தெருவிலிருந்து வரும் இணைப்பு முற்றாகக் கழற்றப்பட்ட வயரில்தான் அன்ரனா.

இப்போது அன்ரனா. பஃபலோவுக்கு ஏற்றது, பின்னால் வலை வைத்த நாலு அடுக்கு "போ-டை" வகை. பெயர் தெரியாவிட்டாலும் பார்த்திருப்பீர்கள்: நடுத்தண்டில் இரண்டு பக்கமும் நாலு நாலாக V வடிவக் கம்பிகள். கிஜிஜியிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ வீடு மாறுபவர்கள் விற்பதைக் குறைந்த விலைக்குப் பிடிக்கலாம். கையால் செய்யவும் முடியும், ஒரு சனிக்கிழமைக்கான வேலை. அற்றிக்கில் வைப்பதென்றால் வீட்டில் செய்ததே போதும். பனியும் மழையும் படும் வெளியிடத்துக்குக் கடையில் வாங்கியது நல்லது.

செய்பவர்களுக்காக அளவுகளைச் சொல்கிறேன். 90 சென்ரிமீற்றர் நீளப் பலகை ஒன்று. தடித்த செம்புக் கம்பி அல்லது உடுப்புக் கொழுவும் கம்பி ஹாங்கர்; எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் 50 சென்ரிமீற்றர். ஒவ்வொன்றையும் நடுவில் V போல மடியுங்கள், இரு நுனிகளுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் அளவு இருக்கட்டும். பலகையில் இரண்டு வரிசையாக ஸ்குரூ, வரிசைக்கு நாலு. ஒரே வரிசையில் ஸ்குரூவுக்கு ஸ்குரூ 23 சென்ரிமீற்றர், இரண்டு வரிசைக்கும் இடையில் 4 சென்ரிமீற்றர். V இன் மடிப்பு ஸ்குரூவில் அழுந்த, நுனிகள் வெளியே பார்க்கட்டும். பூச்சுள்ள ஹாங்கர் என்றால் ஸ்குரூ தொடும் இடத்தில் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் அன்ரனா வேலை செய்யவில்லை என்பவர்கள் அநேகம். பிறகு இரண்டு வெறும் செம்புக் கம்பிகளால் ஸ்குரூக்களை மேலிருந்து கீழாக இணைக்க வேண்டும். முதலாம், இரண்டாம் அடுக்குகளுக்கு இடையிலும், மூன்றாம், நாலாம் அடுக்குகளுக்கு இடையிலும் அந்தக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே கடக்க வேண்டும். நடு இடைவெளியில் மட்டும் நேராக இறங்கும். அந்த நடு இடைவெளியின் மத்தியில்தான் 300 ஓமை 75 ஓமாக மாற்றும் சின்ன மட்சிங் ட்ரான்ஸ்ஃபோமரை இணைக்க வேண்டும். அதிலிருந்து ரீவிக்கு வயர். குறுக்கே கடக்கும் இடத்தில் கம்பிகள் தொட்டுவிட்டால் எல்லாம் செத்துவிடும், எனவே ஒன்றுக்கு இன்சுலேஷன் ரேப் சுற்றிவிடுங்கள்.

பலகைக்குப் பின்னால் 11 சென்ரிமீற்றர் தள்ளி, 50க்கு 90 அளவில் கம்பி வலை. கோழிக்கூட்டு வலை போதும். வலை பின்பக்கத்திலிருந்து வருவதை மறித்து, முன்பக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது. இந்த அளவுகள் ஏன் பழைய செய்முறைகளில் இருப்பதைவிடப் பெரியவை என்று யாராவது கேட்டால்: அமெரிக்காவில் 2020 ஜூலையில் முடிந்த அலைவரிசை மாற்றத்துக்குப் பிறகு யு.எச்.எஃப். ரீவி 608 மெகாஹேர்ட்ஸோடு முடிகிறது. அதற்கு மேலிருந்த இடம் கைத்தொலைபேசிகளுக்குப் போய்விட்டது. குறைந்த அலைவரிசைக்கு நீளமான கம்பிதான் பொருந்தும். 18 சென்ரிமீற்றர்க் கால்களோடு இணையத்தில் சுற்றும் பழைய படங்கள் பழைய அலைவரிசைக்கானவை.

இந்த அன்ரனா வி.எச்.எஃப்.ஐப் பிடிக்காது, ஆகவே 9.1க்கு மேலே சொன்ன முயல்காதையோ, 1.55 மீற்றர் கம்பியை 76 சென்ரிமீற்றர் நீளத் தட்டை வளையமாக மடித்து, நுனிகள் நடுவில் சந்திக்கும் இடத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அங்கே இன்னொரு மட்சிங் ட்ரான்ஸ்ஃபோமர் இணைத்த ஒன்றையோ பாவியுங்கள். இரண்டு அன்ரனாவையும் ஒரே வயரில் இறக்க யு.வி.எஸ்.ஜே. என்ற சிறிய இணைப்பான் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. சாதாரண ஸ்பிளிற்றரைத் திருப்பிப் போட்டு இணைப்பதை விட இதில் இழப்பு மிகக் குறைவு.

அடுத்து திசை. முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன 50 பாகை இங்கே வருகிறது. கோபுரத்துக்கும் பஃபலோவுக்கும் நடுவாகத் திருப்பலாமா என்று தோன்றும். வேண்டாம். பலவீனமானதைப் பார்த்து நேராகத் திருப்புங்கள். சி.என். கோபுரம் 20 கிலோமீற்றரில் நிற்கிறது. அன்ரனாவின் பக்கவாட்டில் பட்டாலும் ரொறன்ரோ சனல்கள் வந்துவிடும். நடுவாகத் திருப்பினால் தேவையில்லாத இடத்தில் மிச்சமும், தேவையான இடத்தில் குறையும்தான் வரும். முதலில் 29.1, 17.1 இரண்டையும் பிடித்து நிலைப்படுத்துங்கள். பிறகு 2.1ஐத் திரையில் வைத்துக்கொண்டு இரண்டு பாகை, மூன்று பாகையாகத் திருப்புங்கள். ரீவியின் அளவுகோல் அசைய ஐந்தாறு செக்கன் எடுக்கும், பொறுமையாகத் திருப்புங்கள். வீட்டுக்குள் ஒருவர் ரீவியைப் பார்த்து ஃபோனில் சொல்ல, மேலே நிற்பவர் திருப்புவதுதான் நடைமுறை.

இரண்டு அன்ரனாவை இரண்டு திசைக்கு வைத்து ஸ்பிளிற்றரால் சேர்க்கலாமே என்று நண்பர்கள் ஆலோசனை சொல்வார்கள். இரண்டும் யு.எச்.எஃப். என்றால் ஒரே சிக்னல் இரண்டு வழியாக வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று கெடுக்கும். சில சனல் தப்பும், சில சனல் போகும், எது எதுவென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அம்பிளிஃபயர். கலங்கிய கிணற்றுக்கு எவ்வளவு பெரிய மோட்டர் போட்டாலும் வருவது கலங்கல் தண்ணீர்தான். அன்ரனா பிடிக்காத சிக்னலை அம்பிளிஃபயர் உண்டாக்காது. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அது உதவுவது ஓர் இடத்தில்தான்: அன்ரனாவில் நல்ல தரத்தோடு கிடைத்த சிக்னல் நீள வயரிலும் ஸ்பிளிற்றரிலும் கரைவதைத் தடுப்பது. அதனால்தான் அதை ரீவிக்குப் பின்னால் வைக்காமல் அன்ரனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஸ்காபரோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சி.என். கோபுரத்திலிருந்து ரீவி மட்டுமல்ல, எஃப்.எம். வானொலிகளும் பலமாக வருகின்றன. 30 டெசிபெல் பெருக்கும் அம்பிளிஃபயரை இங்கே மாட்டினால் அது திணறி, முன்பு வந்த சனல்களும் போய்விடும். வாங்கத்தான் வேண்டுமென்றால் 15 டெசிபெல் அளவில், உள் இரைச்சல் குறைந்ததாக, எஃப்.எம். தடுப்பு உள்ளதாகப் பாருங்கள். அம்பிளிஃபயருக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி அன்ரனாவுக்கும் ஸ்பிளிற்றருக்கும் இடையில் வர வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிளிற்றர் அந்த மின்சாரத்தை மறித்துவிடும். கைத்தொலைபேசிக் கோபுரம் வீட்டுக்கு அருகில் இருந்தால் மட்டும் எல்.ரி.ஈ. வடிகட்டி (கைத்தொலைபேசி அலைகளைத் தடுப்பது) ஒன்று சேர்க்கலாம்.

கூரையில் ஏறுபவர்களுக்கு: மின்கம்பி போகும் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்பம் சரிந்தால் கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். வெளியே வைத்த கம்பத்தையும் வயரையும் வீட்டின் எர்த்தோடு இணைப்பது சட்டத் தேவை. இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

எல்லாம் மாட்டியபின் ரீவியில் முழுத் தேடலைப் போடுங்கள். அப்புறம் சிக்னல் எப்படி என்று முடிவெடுப்பதற்கு, வெயில் காலத்து அமைதியான இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குளிர்ந்த ஏரிக்கு மேல் சூடான காற்று படியும்போது அலைகள் வளைந்து வெகுதூரம் போகும். அப்படியான இரவுகளில் ரோசெஸ்டர் சனல்கள்கூட வந்து எட்டிப் பார்க்கும். உங்களுக்கு இப்போது 29.1 சில இரவுகளில் மட்டும் வருவதும் அதனால்தான். சாதாரணமான ஒரு நாளின் நண்பகலில் படம் உடையாமல் நின்றால்தான் நின்றது. மரங்கள் இலை விட்டபின் ஒருமுறையும் பாருங்கள். தெற்கே பெரிய மேப்பிள் மரம் இருந்தால் மே மாதத்தில் சிக்னல் குறையும்.

இவ்வளவும் செய்து பார்ப்பதில் லாபம் என்ன என்றால், காசு மிச்சத்தை விட, படம். ஒரு நிலையத்துக்குக் காற்றில் வினாடிக்கு 19.39 மெகாபிற் வரை இடமுண்டு. கேபிள் நிறுவனங்கள் பெரும்பாலும் அதையே மீண்டும் நெருக்கித்தான் அனுப்புகின்றன. பெரிய திரையில் ஹொக்கி பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கேபிளில் அமெரிக்கச் சனலுக்கு மேல் கனடா விளம்பரத்தைப் போட்டு மூடுவார்கள், சூப்பர் போல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு இப்படி மூடக் கூடாது என்று வந்த உத்தரவை எதிர்த்துப் பெரிய வழக்கே நடந்தது. பஃபலோவை நேராகப் பிடிப்பவருக்கு அந்த மூடல் கிடையாது. தமிழ்ச் சனலை மட்டும் இந்த வழியில் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு இன்ரநெற்தான்.

உங்கள் 100 டொலரில் நான் செய்வதானால்: பழைய போ-டை ஒன்று அல்லது அதற்கான கம்பியும் பலகையும், முயல்காது, யு.வி.எஸ்.ஜே., 15 மீற்றர் ஆர்.ஜி.6. சற்றலைற் கால் ஏற்கெனவே இருந்தால் இதிலும் மிச்சம் வரும். அம்பிளிஃபயர் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, 2.1 விளிம்பில் நின்று தத்தளித்தால் அப்போது யோசிக்கலாம்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மண்ணுக்குள் இருந்து பஃபலோவைப் பிடிக்க முடியாது, அந்த முயற்சியில் காசு போட வேண்டாம். ஆனால் தரைமட்டத்துக்கு மேல் இருக்கும் சின்ன யன்னல் தென்மேற்குப் பக்கம் என்றால் முயல்காதை அங்கே வைத்து ரொறன்ரோ சனல்களில் பாதிக்கு மேல் எடுக்கலாம். மேலே இருக்கும் வீட்டுக்காரர் அற்றிக்கில் அன்ரனா வைக்கிறார் என்றால், அவரிடம் ஒரு ஸ்பிளிற்றரும் வயரும் உங்கள் செலவில் கீழே இறக்கலாமா என்று கேட்பதுதான் இருக்கும் வழிகளில் மலிவானது.